ஒரு கைக்கு அடங்கிய பாம்பு

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை. ஒரு தீவனக் கடையின் அறிவிப்புப் பலகையில், என் கையெழுத்தில், நான்கு குண்டூசிகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"தேவை: ஒரு பாம்பு. சாதுவாக இருக்க வேண்டும். ரொம்பப் பெரிதாக வளரக் கூடாது. கட்டாயம் மரம் ஏற வேண்டும். மற்றவை நேரில்."

சொன்னவர் மெர்வ் டூலன். எழுதியவன் நான், அவர் வீட்டுக் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தவன். வருடம் 1997. ஊர் நாம்பூர், ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் கரும்பு ஊர்களில் ஒன்று. "மற்றவை நேரில்" மட்டும் நானாகச் சேர்த்தது. மணமகள் தேவை விளம்பரங்களைப் படித்து வளர்ந்த கை சும்மா இருக்குமா?

இந்தக் கதையை ஐந்து முறை எழுதிக் கிழித்திருக்கிறேன். கிழித்த தொடக்கங்களில் இரண்டை மட்டும் இங்கே ஒட்டிவைக்கிறேன்.

(அ) நாம்பூரின் நடுத்தெருவில் கரும்பு ரயில் வந்தால் கார்களெல்லாம் நின்று வழிவிடும். ஆலை ஓடும் ஆறு மாதமும் ஊரே வெல்லப்பாகு வாசனையில் கிடக்கும். வயலில் தோகை எரிக்கும் நாட்களில், கொடியில் காயும் வெள்ளை வேட்டியின் மேல் கறுப்புச் சாம்பல் மெதுவாக வந்து

நிறுத்திவிட்டேன். வாக்கியங்களில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பாம்பையும் காணோம், மெர்வையும் காணோம். என் ஏக்கம் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த ஆலை இன்று இல்லை, அந்த ரயில் இல்லை, அப்போது எனக்கிருந்த முப்பத்து நான்கு வயதும் இல்லை. ஏக்கம் வரத்தான் செய்யும். கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொல்லியிருக்கிறேன். அவ்வப்போது எட்டிப் பார்க்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

(ஆ) மெர்வ் டூலனின் வலது கை அந்த ஜனவரி மாதம்

இந்த வாக்கியத்தை இன்றுவரை முடிக்க முடியவில்லை. ஐந்து முறையும் இங்கே பேனா நின்றது, இதை விட்டுவிட்டுத்தான் மீதியை எழுதினேன்.

2

சரி, சுற்றி வளைத்தாவது முடிக்கப் பார்க்கிறேன்.

மெர்வ் மரம் வெட்டுகிறவர். காட்டில் அல்ல, ஊருக்குள். வீட்டுக் கூரைமேல் சாய்ந்த தைல மரம், மின்கம்பியில் உரசும் கிளை என்று கூப்பிடுவார்கள். காலில் முள் வைத்த இரும்பைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிற்றோடு ஐம்பத்தெட்டு வயதிலும் விறுவிறுவென்று ஏறிவிடுவார். கீழே நின்று பார்க்கிற நாம்தான் தள்ளி நிற்போம்.

அந்தத் தொழிலில் இருந்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ரம்பத்தைத் தொடுவதற்கு முன் கோடரியின் பின்பக்கத்தால் அடிமரத்தில் மூன்று தட்டு தட்டுவார்கள். பிறகு ஒரு சிகரெட் பிடித்து முடிக்கும் நேரம் சும்மா நிற்பார்கள். பொந்தில் கிளி இருக்கலாம், வௌவால் இருக்கலாம், பாம்பு இருக்கலாம். யாராக இருந்தாலும் வெளியே வந்து அடுத்த மரத்துக்குப் போக அவகாசம் தர வேண்டும். சிகரெட்டை விட்டு எட்டு வருடமான பிறகும் மெர்வ் அந்த நேரத்தை மட்டும் விடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

அந்த ஜனவரியில் ஒரு நாள் மழை கறுத்துக்கொண்டு வந்தது. மரத்துக்குச் சொந்தக்காரர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெர்வ் தட்டவில்லை. பாதி மரம் ஏறியபோது முகத்துக்கு நேரே பொந்திலிருந்து ஒரு மலைப்பாம்பு தலையை நீட்டியது. அது கடிக்க வரவில்லை, இறங்கத்தான் வந்தது. வழிவிடலாம் என்று இவர் பின்னால் சாய்ந்தார். கால் முள் மரப்பட்டையிலிருந்து கழன்றது.

கழுத்துத் தண்டுவடத்தில் அடி. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு தப்படி வைப்பார், அதற்குமேல் முடியாது. உட்கார்ந்த இடத்தில் உடம்பைத் திருப்பவும் வராது. வலது கை தோளிலிருந்து தொங்கியது. விரல்கள் லேசாக அசையும், கை எழும்பாது. பயிற்சி சொல்லித்தர வாரம் ஒரு முறை வரும் பெண் மஞ்சள் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். மெர்வ் அதை ஜன்னல் கட்டையில் வைத்தார். ஏழு மாதம் அது அங்கேயே இருந்து வெயிலில் வெளுத்தது.

அந்த ஏழு மாதமும் அவர் எதையும் கேட்கவில்லை. தப்பு, ஒன்றைக் கேட்டார். தூக்க மாத்திரையை எங்கே வைத்திருக்கிறாய் என்று மனைவி கோரலிடம் இரண்டு முறை கேட்டார். பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறவள் கோரல். எதற்கும் அசராத பெண். அன்று மாலை கீழே வந்து என் குளிர்பெட்டியைத் திறந்து, தயிர்க் கிண்ணத்துக்குப் பின்னால் அந்த மாத்திரைப் புட்டியை வைத்தாள். படியேறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து தயிர் எடுக்கும்போதெல்லாம் புட்டி அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

(ஆ)வை முடித்துவிட்டேன் போலிருக்கிறது.

3

பாம்பு வேண்டும் என்று மெர்வ் கேட்ட காலையில் நானும் மேலேதான் இருந்தேன். கோரல் சுடும் பூசணிக்காய் ஸ்கோன் ரொட்டி சூடாக இருக்கும்போது மேலே போகாமல் இருக்க எனக்குத் தெரியாது.

கோரல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"உன்ன மரத்துலேர்ந்து தள்ளிவிட்டதே அதுதான். அதுக்கு நம்ம வீட்டுல இடம் வேற குடுக்கணுமா?"

"அது எங்க தள்ளுச்சு? கதவத் தட்டாம உள்ள போனது நானு."

அவ்வளவுதான் பேச்சு. கோரல் எழுந்து போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். நான் கீழே போன பிறகு படியிறங்கி என்னிடம் வந்தாள். அவளுக்குப் பாம்பைக் கண்டால் ஆகாது. ஆனால் ஏழு மாதத்தில் முதல் தடவையாக அந்த மனிதன் எதையோ வேண்டும் என்று கேட்டிருக்கிறான், முதலை கேட்டிருந்தால் குளியல் தொட்டியைக் கொடுத்திருப்பேன் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், கண் மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டு நிபந்தனை போட்டாள். பாம்பு சாதுவாக இருக்க வேண்டும். பெரிதாக வளரக் கூடாது, ஏனென்றால் பெட்டியிலிருந்து எடுக்கவும் போடவும் போவது அவள்தான். மெர்வுக்கு ஒரே நிபந்தனை. மரம் ஏற வேண்டும்.

"ஏறினா என்ன, ஏறலன்னா என்ன?" என்று மேலே போய் அவரிடமே கேட்டேன்.*

"தரையில கெடக்கிறத வச்சு நான் என்னடா பண்ண? தரையிலதான் நானே கெடக்கிறேன்."

விளம்பரத்தின் நான்கு வரிகளும் இப்படித்தான் வந்தன.

(* அங்கே எல்லாரும் எல்லாரையும் ஒரே மாதிரிதான் கூப்பிடுவார்கள். இருபத்து நான்கு வயது மூத்தவரை "நீ" என்று எழுத என் கைக்கு வரவில்லை. அதனால் கதை முழுக்க நான் அவரிடம் மரியாதையாகப் பேசுவேன், அவர் என்னை "டா" போடுவார். நிஜத்தில் அவர் என்னைக் கிண்டல் செய்த அளவுக்கு நானும் அவரைச் செய்திருக்கிறேன்.)

4

அங்கே காட்டிலிருந்து பாம்பைப் பிடித்து வளர்க்க முடியாது. வனத்துறை உரிமம் வாங்கி, வளர்த்து விற்கிறவர்களிடம்தான் வாங்க வேண்டும். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மலைமேல் மலேனியிலிருந்து பெவ் என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள். கோரலுக்கு மலைப்பாதையில் வண்டி ஓட்டப் பயம். என் காரில் போனோம். மெர்வ் முன்னிருக்கையில், வழியில் கடந்த ஒவ்வொரு மரத்தின் உச்சியையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

பெவ் கொட்டகைக் கதவைத் திறப்பதற்கு முன் எங்கள் கைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். நிஜமாகவே குனிந்து மோந்தாள். கோரலை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி வரச் சொன்னாள். கோழி வாசனை இருந்தால் பாம்பு விரலையே சாப்பாடு என்று நினைத்துவிடுமாம், அது பாம்பின் தப்பில்லையாம்.

முதலில் காட்டியது கம்பள மலைப்பாம்பின் குட்டி. பார்க்கப் பட்டுப்புடவைக் கரை மாதிரி இருந்தது. மூன்று வருடத்தில் தொடை கனத்துக்கு வரும் என்று சொல்லிவிட்டு, பெவ் கோரலின் முகத்தைப் பார்த்தாள், தானே பெட்டியை மூடினாள். அடுத்து பச்சை மர மலைப்பாம்பு. கிளையில் சுருள் போட்டு, சுருளின் நடுவில் தலையை வைத்துக்கொண்டு இருந்தது. அதைப் பார்க்கலாம், தொடக் கூடாது. "சினிமாக்காரி மாதிரி" என்றாள் பெவ். மூன்றாவது, ஒல்லியான பச்சைப் பாம்பு. ஏறுவதில் கில்லாடி, ஆனால் மனிதக் கை என்றால் அலர்ஜி, ஓடிக்கொண்டே இருக்கும்.

மெர்வ் எல்லாவற்றையும் பார்த்தார். எதன்மேலும் கண் நிற்கவில்லை. திரும்பிப் போகலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பதறியது.

கடைசியாகத்தான் ஒரு புள்ளி மலைப்பாம்பை எடுத்துவந்தாள். நான்கு வயது ஆண். ஒரு மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, கட்டைவிரலைவிடச் சற்றுத் தடிமன். வெளிறிய உடம்பில் காபிக் கறை போலப் புள்ளிகள். குட்டியாக வாங்காதீர்கள், குட்டிகள் கொத்தும், இவன் கொத்தும் வயதைத் தாண்டிவிட்டான், இனி இதைவிடப் பெரிதாக ஆகமாட்டான் என்றாள். மெர்வின் இடது கையை நீட்டச் சொன்னாள். அவர் நீட்டவில்லை. கண்ணால் வலது கையைக் காட்டினார்.

பெவ் ஒரு கணம் கோரலைப் பார்த்தாள். பிறகு, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடிமேல் கிடந்த அந்தச் செத்த கையில் பாம்பை வைத்தாள்.

அது நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. விரல்களுக்கு இடையில் நுழைந்தது. மணிக்கட்டைச் சுற்றியது. முழங்கையில் சற்று யோசித்தது. பிறகு தோளுக்கு, அங்கிருந்து காதோரமாக, அவருடைய பழைய தொப்பியின் உச்சிக்கு. அங்கே போய்த் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது, இன்னும் மேலே ஏதாவது இருக்கிறதா என்று.

"ஏறுறான்" என்றார் மெர்வ்.

ஒரு சொல்தான். கோரல் திரும்பிக் கொட்டகைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்தது, பாம்புக்கும்கூடத் தெரிந்திருக்கலாம்.

5

மெர்வ் அதற்கு "மேஸ்திரி" என்று பெயர் வைத்தார். இனி மேலே ஏறி வேலை செய்கிறவன் அவன், கீழே நின்று குறை சொல்கிறவன் நான் என்றார்.

[இந்தப் பகுதியை நீளமாக எழுத வேண்டும் என்று ஆசை. என் வாழ்க்கையின் நல்ல இரண்டு மாதங்கள் இதில் இருக்கின்றன. ஆனால் சந்தோஷத்தை நீளமாக எழுதினால் வாசகர் கொட்டாவி விடுகிறார். அதனால் மூன்றே காட்சி.]

ஒன்று. மெர்வ் சொல்லச் சொல்ல நான் கண்ணாடிப் பெட்டிக்குள் கிளைகள் கட்டினேன். அந்தக் கோணம் தப்பு, இந்தக் கவட்டை தப்பு என்று மூன்று முறை பிரிக்க வைத்தார். பெட்டி அவருடைய சாய்வு நாற்காலிக்கு வலப்பக்கம் வந்தது, மின் இணைப்பு அங்கேதான் இருந்தது. மேல் மூடிக்கு ஒரு பித்தளைக் கொக்கி. மாட்டினால் "டக்" என்று சத்தம் வரும்.

இரண்டு. உறையவைத்த எலிகளைக் கோரல் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்து, மேலே "மேஸ்திரி" என்று எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துப் பெண்கள் வந்தபோது, உதவி செய்யப் புறப்பட்ட ஒருத்தி அந்த டப்பாவை எடுத்துவந்து மேசை நடுவில் வைத்துத் திறந்தாள். மெர்வ் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டோம். அந்தப் பெண் அதற்குப் பிறகு வரவில்லை, கோரல் அதற்காக வருந்தவும் இல்லை.

மூன்று. ஒவ்வொரு மாலையும் பாம்பை வலது கையில் விடச் சொல்வார். அது நகர்ந்தால், விழாமல் இருக்க விரலை மடக்க வேண்டும், மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். ரப்பர் பந்துக்குச் செய்யாததைப் பாம்புக்குச் செய்தார். செப்டம்பர் கடைசியில் விரல்கள் நன்றாகவே மூடின. கை மட்டும் எழும்பவில்லை. கோரல் ஒரு நாள் கீழே வந்து, தயிருக்குப் பின்னாலிருந்த புட்டியை எடுத்து என் கழிவறையில் கொட்டிவிட்டுப் போனாள்.

6

அக்டோபர் மாதம் ஒரு பிற்பகல். மின்சார மீட்டரைக் கணக்கெடுக்க கெவின் என்ற ஒருவன் வந்தான். பாம்பு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பார்க்கலாமா என்று கேட்டான். மெர்வ் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். கெவின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, கொக்கியைச் சரியாக மாட்டாமல்

இல்லை.

இந்தக் கெவினை ஐந்து பிரதியிலும் வைத்திருந்தேன். ஒரு பிரதியில் அவனுக்கு மீசைகூட வைத்தேன். ஆனால் எனக்கே அவன்மேல் சந்தேகம். மீட்டர் வீட்டுக்கு வெளியே படிக்குப் பக்கத்தில் இருக்கிறது; அவன் எதற்கு மேலே வர வேண்டும்? கோரல் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவன் அவளைத் தாண்டிப் போய்விடுவானா? நல்ல பாத்திரம் கதைக்குள் தானாக நடக்கும். கெவினை நான் ஐந்து தடவையும் கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது.

கெவின் என்று யாரும் இல்லை. மூடியைத் திறந்தவன் நான். மெர்வ் நாற்காலியில் கண்மூடிக் கிடந்தது மட்டும் நிஜம்.

எனக்குப் பிற்பகல் மூன்று மணி ஷிஃப்ட். ஆலையின் சோதனைக்கூடத்தில் கரும்புச்சாறு பரிசோதிப்பது என் வேலை. போவதற்கு முன் மேஸ்திரிக்குத் தண்ணீர் மாற்றுவது என் பொறுப்பு. அன்று தண்ணீர்க் கிண்ணத்தை வைத்தபோது ஆலைச் சங்கு ஊதிவிட்டது. மூடியைப் போட்டேன். கொக்கியை மாட்டினேனா? "டக்" கேட்டதா? கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது மாடிப்படியிலேயே எனக்குத் தெரியும். திரும்பி ஏறினால் ஒரு நிமிடம். நான் ஏறவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

இரவு வந்தபோது மூடி ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. பெட்டி காலி.

அந்தக் கால மரவீடுகளில் காற்று போகட்டும் என்று கதவுக்கு மேலே துளையிட்டுப் பூவேலைப்பாடு செய்த பலகை வைத்திருப்பார்கள். திரைச்சீலையைப் பிடித்து ஏறி அந்தப் பூக்களுக்கு இடையே நுழைந்துவிட்டால் கூரைக்குள் போய்விடலாம். கோரல் என்னைப் பார்த்து, மூடி எப்படித் திறந்தது என்று தெரியவில்லையே என்றாள். எனக்கும் தெரியவில்லையே என்றேன்.

முதல் பத்தியில் சொன்னேனே, பொய் சொன்னவன் நான் என்று? சொல்லவில்லையா? மேலே போய்ப் பார்த்தேன், சொல்லவில்லை. முந்தைய பிரதிகளில் சொல்லியிருக்கிறேன், இதில் எப்படியோ விட்டிருக்கிறேன். இப்போது சொல்லிவிட்டேன்.

7

இனி கதை எப்படிப் போக வேண்டும்?

முடிவு ஒன்று. ஜனவரியில், விழுந்து சரியாக ஒரு வருடம் ஆன நாளில், முற்றத்து மாமரத்திலிருந்து மேஸ்திரி இறங்கி வந்து மெர்வின் வலது கையில் சுற்றிக்கொள்கிறான். இப்படி முடித்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். கண் கலங்கிவிட்டது என்று ஆசிரியர் எழுதினார். எனக்கு வெட்கமாகிவிட்டது, திரும்ப வாங்கிக்கொண்டேன். பாம்பு நாய் இல்லை. நன்றி சொல்ல வராது.

முடிவு இரண்டு. மெர்வ் பழையபடி சுருண்டுவிடுகிறார். கோரல் மாத்திரையை எங்கே ஒளிப்பது என்று மறுபடியும் கீழே வருகிறாள். அந்த வாரம் முழுக்க நான் பயந்தது இதைத்தான். மேலே அவருடைய நாற்காலி கிரீச்சிடும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். ஒரு கொக்கியை மாட்டாத சோம்பேறித்தனத்துக்கு ஒரு மனிதன் விலையாகிவிடுவானோ என்று நினைத்து, ஆலையில் சாறு அளக்கும்போது இரண்டு குடுவைகளை உடைத்தேன்.

நடந்தது வேறு. மெர்வ் நடைச்சட்டத்தைக் கேட்டார். முதல் நாள் சமையலறைவரை போய் அதன் உத்தரத்தைப் பார்த்தார். அடுத்த வாரம் வராந்தாவுக்குப் போய் இறவாரத்தைப் பார்த்தார். தாழ்வார மூலை, கழிவறைக் கூரை, மாமரம். எங்கே போனாலும் அண்ணாந்து பார்ப்பார். ஆறு தப்படி அறுபதானது. கிறிஸ்துமஸுக்குள் வீட்டைச் சுற்றி வந்தார். பாம்பை முன்னாடியே தொலைத்திருக்கலாம் போல என்றாள் கோரல். நான் சிரிப்பில் கலந்துகொள்ளவில்லை.

மேஸ்திரி அகப்படவில்லை. ஒன்றரை வருடம் கழித்து மின்விசிறி மாட்டக் கூரைப் பலகையைக் கழற்றியபோது ஒரு பாம்புச் சட்டை விழுந்தது. மெர்வ் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், வலது உள்ளங்கையில். அதற்குள் அந்தக் கை தேநீர்க் கோப்பை தூக்கத் தொடங்கியிருந்தது. சட்டை ஒரு மீட்டருக்குமேல் இருந்தது. பையன் வளர்ந்துவிட்டான் என்றார். உரித்த சட்டை எப்போதும் பாம்பைவிட நீளமாகத்தான் இருக்கும், அது வேறு ஏதாவது பாம்பினுடையதாகவும் இருக்கலாம். இரண்டையும் பெவ் சொல்லித் தந்திருந்தாள். நாங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மூடியைத் திறந்து வைத்தது யார் என்று மெர்வ் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

8

2003 டிசம்பரில் ஆலையை மூடினார்கள். கடைசி ரயில் போனபோது தெரு முழுக்க ஜனம் நின்று கையசைத்தது. (ஏக்கம் மறுபடி எட்டிப் பார்க்கிறது. இந்த ஒரு தடவை இருந்துவிட்டுப் போகட்டும்.) எனக்கு பிரிஸ்பேனில் வேலை கிடைத்தது. சாமான்களை ஏற்றிவிட்டுச் சொல்லிக்கொள்ள மேலே போனேன். கோரல் கேன்டீனில் இருந்தாள். மெர்வ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

ஆறு வருடம் அடக்கி வைத்ததை அன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். "மெர்வ், அந்தக் கொக்கி" என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும்டா வாஸ். அன்னைக்கு டக்குன்னு சத்தம் கேக்கல. நீ படியில ஓடின சத்தம்தான் கேட்டுச்சு."

"நீங்க தூங்கிட்டு இருந்தீங்களே."

"கண்ண மூடிட்டு இருந்தேன். அப்புறம் பெட்டிய மூணு தட்டு தட்டினேன். ஒரு சிகரெட் நேரம் பாத்தேன். வந்தான். திரைச்சீலையப் பிடிச்சு, கதவுக்கு மேல அந்தப் பூவுக்குள்ள பூந்து, நிதானமா மேல போனான். நான் ஒரு நாளும் அவ்ளோ அழகா ஏறினதில்ல."

கோரலை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"கூப்பிட்டா பிடிச்சிருப்பா."

பிறகு, போகிற வீட்டில் மாமரம் இருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்றேன். மாமரம் இல்லாத வீட்டுக்கு எவனாவது வாடகை கொடுப்பானா என்று திட்டினார். காரில் ஏறி ஊரைத் தாண்டும்வரை எனக்கு உடம்பு லேசாக இருந்தது. சர்க்கரை மூட்டையை இறக்கிவைத்தவன் எப்படி இருப்பான், அப்படி இருந்தேன்.

மெர்வ் 2008இல் காலமானார். தூக்கத்தில், சாதாரணமாக.

9

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காரணம், பிரிஸ்பேன் போய்ச் சேர்வதற்குள்ளேயே எனக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டுவிட்டது.

பெட்டி நாற்காலிக்கு வலப்பக்கம் இருந்தது. அப்போது உட்கார்ந்த இடத்தில் அவரால் உடம்பைத் திருப்ப முடியாது. இடது கை அந்தக் கண்ணாடிக்கு எட்டாது. தட்டியிருந்தால் வலது கையால்தான் தட்டியிருக்க வேண்டும். 1997 அக்டோபரில் அந்தக் கை எழும்பவில்லை. நாங்கள் பார்த்தவரை எழும்பவில்லை.

ஆக, இரண்டில் ஒன்று. யாரும் இல்லாத பிற்பகலில் அந்தக் கை முதல் முறையாக எழுந்தது, எழுந்ததும் அவர் செய்த முதல் காரியம் தனக்குப் பிரியமான ஒன்றை வெளியே போகச் சொன்னது. அல்லது, வீட்டை விட்டுப் போகிறவன் பாரத்தோடு போக வேண்டாம் என்று அந்த நிமிடத்தில் ஒரு கதையைக் கட்டி என் கையில் கொடுத்தார். என்னைவிட நல்ல கதைக்காரர் என்று அர்த்தம்.

சாட்சியங்களை உங்கள் முன் வைக்கிறேன். யார் மூடியைத் திறந்தது என்று அவர் கேட்டதே இல்லை. உண்மை தெரிந்தவர்தான் கேட்கமாட்டார். ஆனால் தானே அனுப்பிய பாம்பை எதற்கு மூன்று மாதம் தேடினார்? தேடினாரா, அல்லது அது எங்கே ஏறியிருக்கிறது என்று பார்த்து ரசித்தாரா? தட்டினால் பாம்பு உள்ளேதான் சுருங்கும், வெளியே வராது என்பாள் பெவ். நாற்பது வருடம் மரத்தைத் தட்டியவர் வரும் என்கிறார். திரைச்சீலை, கதவுப் பலகை என்று வழியை அத்தனை துல்லியமாகச் சொன்னார். ஆனால் அந்த வழியைத்தான் நாங்கள் எல்லாருமே அன்று இரவு ஊகித்திருந்தோம்.

இதைத் தீர்த்துவைக்க உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள். அந்தப் பிற்பகலில் கோரல் பக்கத்து அறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் மூன்று தட்டு விழுந்திருந்தால் அவள் காதில் விழுந்திருக்கும். எண்பத்திரண்டு வயதிலும் காது நன்றாகக் கேட்கிறது, ஞாபகம் அதைவிட நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பேசுகிறோம். கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்பதற்கு முன், கொக்கியை மாட்டாமல் போனவன் நான் என்று சொல்ல வேண்டும். அதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இந்தக் கதையை நான் தமிழில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம், இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நான் கேட்காததற்குப் பயம் மட்டும் காரணம் இல்லை. "ஒரு சத்தமும் கேக்கலியே" என்று அவள் சொல்லிவிட்டால் தட்டுவதற்காக எழுந்த அந்தக் கை எனக்கு இல்லாமல் போய்விடும். "ஆமா, ஏதோ தட்டின சத்தம் கேட்டுச்சு" என்றால் எனக்காக அவர் கட்டிய அந்தப் பொய் இல்லாமல் போய்விடும். இரண்டையும் இழக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு ஒன்று போதுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடைசிப் பத்தியை எழுதுவதற்கு முன் என் மேசையை மூன்று முறை தட்டினேன். இப்போது ஒரு சிகரெட் நேரம் சும்மா இருக்கிறேன். நான் சிகரெட் பிடித்ததில்லை, அதனால் அது எவ்வளவு நேரம் என்று சரியாகத் தெரியாது. கதைக்குள் யாராவது குடியிருந்தால் வெளியே போகட்டும். மூடியை மூடிவிட்டேன். கொக்கியை மாட்டவில்லை, இந்த முறை வேண்டுமென்றேதான்.